எதிரே வந்த படகு

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மா,

நான் பத்திரமாக வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாடு, தூக்கம், தலைமுடி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறும்போது வலிக்கிறதா என்பதை மட்டும் பொய் சொல்லாமல் எழுது.

கிளம்பும்போது பேசிக்கொண்டபடி இது முதல் கடிதம். புதன்கிழமை போனில் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ மட்டும். மற்றதெல்லாம் காகிதத்தில். போனில் நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டு ‘ம்’ போடுகிறேன் என்று குறை சொன்னவள் நீ. காகிதத்தில் ‘ம்’ போட்டால் தபால்காரரே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அறை ஐந்தாம் மாடியில். ஒரு கட்டில், கால் ஆடும் மேசை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். ஆறு முழுசாகத் தெரியாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குத் தெரியும். காலையில் அந்தக் கை அகலம் மட்டும் மினுங்கும். லிஃப்ட் பரிசோதிக்கிற உத்தியோகத்துக்கு வந்தவளுக்குக் கிடைத்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. சிரித்துக்கொள்.

என்னோடு வேலைக்கு வரும் சீனியரை ஆபீஸில் ‘முனகல்’ என்கிறார்கள். வேலை செய்யும்போது என்ன பாட்டு என்று பிடிபடாத எதையோ முனகிக்கொண்டே இருப்பார். முனகல் நின்றால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாலு கட்டடம். மொட்டைமாடி மோட்டார் அறையில் தொடங்கி, லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழி வரை இறங்க வேண்டும். வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆளைக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். அங்கே ஒரு நீளமான சுவரும் ஒரு டீக்கடையும்தான். டிரைவரும் நானும் ஒரே பெஞ்சில் டீ குடித்தோம். இருபது வருஷமாக அந்த இடத்துக்கு வருவதாகவும், வேடிக்கை பார்க்க வந்த முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். சுவரின் நிழலில் பஸ் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நானும் அவரும் மட்டும். ஏதோ கனவுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு போவது போல இருந்தது.

ஆகையால் ஒரு யோசனை. நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது போ. போய்விட்டு எழுது. காரியம் இல்லாமல் போக வேண்டும், அதுதான் நிபந்தனை.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
மகள்


பிப்ரவரி 25

சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். கால் முக்கால் நலம். ஐந்து மாடி ஏறி இறங்கும் உன் காலை நினைத்தால் என் காலுக்கு வெட்கம் வந்து கொஞ்சம் சரியாகிவிட்டது.

எங்காவது போ என்று சுலபமாக எழுதிவிட்டாய். அப்பா படுக்கையில் இருந்த எட்டு வருஷத்தில் பள்ளிக்கூடமும் கடையும் தவிர வேறெங்கும் போய் எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவர் போய் மூன்று வருஷம் ஆன பிறகும், மணி நாலானால் வீட்டுக்கு ஓடக் கால் பரபரக்கிறது. ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்க்கும்போதே கடிகாரத்தைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், எதற்கு ஓடி வந்தோம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன்.

இருந்தாலும் உன் பேச்சைத் தட்டவில்லை. போன ஞாயிறு பஸ் ஏறி, வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்காமல் ரெண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். ஒரு பூங்கா இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது என்னமோ போலவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

பள்ளியில் புது விசேஷம், வராந்தாவில் பெரிய மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பராமரிக்க வியாழக்கிழமைதோறும் ஒருவர் வருகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் தொட்டிக்காரர். முதல் வாரமே ரெண்டு மீன் செத்துப்போனது. தலைமையாசிரியை காரணம் கேட்டதற்கு, ‘இடம் மாறினா சிலதுக்குப் பிடிக்காதுங்க’ என்று மட்டும் சொன்னாராம். என்னிடம் வந்து ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டரைக் கடன் கேட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கு.

அம்மா


மார்ச் 18

அன்புள்ள அம்மா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு சின்ன ஜலதோஷத்தைத் தவிர. நீ பெஞ்சில் உட்கார்ந்த கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் கால் முழு நலம் ஆயிற்றா?

நான் ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டேன். அக்கரைக்குப் போகும் படகு. அரை மணிக்கு ஒன்று இங்கிருந்து கிளம்பும். அதே நேரத்தில் அங்கிருந்தும் ஒன்று கிளம்பும். நான் ஞாயிறு பத்து மணிப் படகில் போகிறேன். நடு ஆற்றில் ரெண்டும் ஒன்றை ஒன்று தாண்டும்போது மோட்டார் சத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கிவிடும். எதிர்ப்படகில் இருப்பவர்களின் முகம், சட்டை பட்டன், கையில் வைத்திருக்கும் பை எல்லாம் தெரியும். யாரும் யாருக்கும் கையாட்டுவதில்லை. நாமும் அவர்களும் ஒருத்தரை ஒருத்தர் கனவு காண்கிற மாதிரி பார்த்துக்கொள்வோம். அப்புறம் மோட்டார் சத்தம் கூடும், தண்ணீர் ஆடும், அவரவர் கரைக்குப் போய்விடுவோம்.

நீ எப்போதாவது வந்தால் முதலில் அந்தப் படகில்தான் கூட்டிப்போவேன். பத்து மணி வெயில்தான் அழகு.

வேலையில், போன வாரம் ஒரு பழைய கட்டடத்தின் குழியைச் சுத்தம் செய்தபோது ஒற்றைத் தோடு கிடைத்தது. சின்னப் பச்சைக்கல். காவலாளியிடம் விசாரித்தால், ஏழாம் மாடியில் ஒரு அம்மா பல வருஷமாகத் தேடியதாகச் சொன்னார். மேலே போய்க் கொடுத்தேன். பதினோரு வருஷமாம். கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றார். ஜோடியைக் கொண்டு வந்து போட்டுப் பாருங்கள் என்றேன். இது தொலைந்த கோபத்தில் அதை அப்போதே தூக்கி எறிந்துவிட்டாராம். சொல்லிவிட்டு, இந்த ஒற்றையை அங்கேயே, என் முன்னாலேயே ஒரு காதில் மாட்டிக்கொண்டார். முனகல் கீழே வந்து சேரும் வரை ஒன்றும் முனகவில்லை.

உன் தொட்டியில் மிச்ச மீன்கள் சுகமா?

மகள்


ஏப்ரல் 3

சிட்டு,

ஜலதோஷம் விட்டதா? வெந்நீர் குடி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. காலும்தான். அதற்கு அத்தாட்சி கீழே வருகிறது.

ஊர் எல்லையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் குன்றை நீ சின்ன வயசில் ‘மொட்டை மாமா’ என்பாய், நினைவிருக்கிறதா? இத்தனை வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். காலை ஏழு மணிக்கே பஸ்ஸைப் பிடித்தேன், அடிவாரத்தில் இறங்கினேன். இருநூற்றுப் பதினெட்டுப் படி. நடுநடுவே நின்று நின்று ஏறினோம். மேலே தொட்டிக்குக் கீழே நல்ல நிழல். அங்கே உட்கார்ந்து வீட்டைத் தேடினோம். நம் வீட்டுக் கூரை எதுவென்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு சின்னது. அதற்குள் இருந்துகொண்டா இவ்வளவு கவலைப்பட்டேன் என்று தோன்றியது.

தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் சுவரில் காதை வைத்தால் கேட்கிறது. அப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

மீன்கள் சுகம். இப்போது ஒன்பது இருக்கின்றன. கறுப்பு ஒன்று எப்போதும் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார்களாம், பிள்ளைகள்.

சட்டையை நிழலில் காயப்போடு, நிறம் போய்விடும்.

அம்மா


ஏப்ரல் 22

அன்புள்ள அம்மா,

ஜலதோஷம் போயே போய்விட்டது. நீ இருநூற்றுப் பதினெட்டுப் படி ஏறிய செய்தியை ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி உன் கால் பற்றிக் கேட்க மாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பஸ்ஸைப் பிடித்தேன், இறங்கினேன் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்தவள், படிக்கட்டு வந்ததும் ‘ஏறினோம்’ என்கிறாய். உட்கார்ந்து ‘தேடினோம்’ என்கிறாய். யாரம்மா அந்த ஆள்? பள்ளிக்கூட டீச்சர் யாராவது கூட வந்தார்களா? துணைக்கு ஆள் கிடைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறேன்.

நேற்று ஒரு லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நான், முனகல், ஒரு பூந்தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு புது மாப்பிள்ளை. வெளியிலிருந்து திறக்க நாற்பது நிமிஷம் ஆனது. மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. எங்களைப் பார்த்து, இதைச் சரி செய்ய யாரையாவது கூப்பிடுங்கள் என்றார். அந்த யாராவது நாங்கள்தான் என்று சொல்ல எங்கள் ரெண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் நீ கிளம்பி வந்துவிடலாமே. வழி சொல்கிறேன்: ஸ்டேஷன் வாசலில் ஆறாம் நம்பர் பஸ். பெரிய செருப்புக்கடை வரும், அங்கே இறங்கு. எதிர்த் தெரு. நீலக் கதவு. ஐந்தாம் மாடி வரை மூச்சு வாங்க ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் திண்டு இருக்கிறது. படகுத்துறை அங்கிருந்து நடந்தே போகிற தூரம்.

உன் பதிலைக் காண ஆவலாக இருக்கும்,
மகள்


ஜூன் 3

சிட்டு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பரீட்சை, பொருள் கணக்கெடுப்பு, அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நாள் ஓடிவிட்டது.

தொட்டியில் மீன் குஞ்சு பொரித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் நூல் துணுக்கு மாதிரி துடிக்கும். பெரிய மீன் தின்றுவிடும் என்று தனியாகப் பிரித்து, விடுமுறைக்கு நான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். சமையலறை மேசையில் இருக்கிறது.

நீ எப்படி இருக்கிறாய்? மெலிந்துவிட்டாயா?

அம்மா


ஜூலை 8

அம்மா,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலப் படகில் போனேன். காற்று அதிகம்.

நீ அந்த ஞாயிறு எங்கே போனாய்? எழுதவே இல்லையே.

மகள்


ஜூலை 14

சிட்டுவுக்கு,

கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. உடம்பு சரியில்லையா? வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

நான் அந்த ஞாயிறு எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். போர்வையெல்லாம் துவைத்தேன். குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். பொழுது போய்விட்டது.

காற்று அதிகமாக இருந்தால் காதை மூடிக்கொண்டு போ.

அம்மா


செப்டம்பர் 2

அம்மா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு வாரமாக எழுதாததற்கு அது காரணமில்லை. புதன்கிழமைகளில் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுக்கொண்டோம். ரெண்டு பேரும் சரியாகவே பதில் சொன்னோம்.

நான் உன்னைப் பார்த்தேன்.

ஜூலை முதல் ஞாயிறு, பத்து மணிப் படகு. இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நடு ஆற்றில் சத்தம் குறைந்தது. எதிர்ப்படகு வந்தது. பையை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மா நின்றிருந்தார். எங்கள் அம்மாவும் பையை இப்படித்தான் பிடிப்பாள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்றவரின் குடை காற்றில் மல்லாந்துவிட்டது. அவர் அதை இழுத்து மடக்கப் பார்க்கிறார், அது மறுபடி மறுபடி விரிகிறது. நீ அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். வாயை மூடாமல், கையால் மறைக்காமல், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். உனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தேழு வயசு வரைக்கும் தெரியாது.

இருபத்தைந்து அடி தூரம் இருக்கும். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். என் ஷூவில் கயிறு கிடையாது. மோட்டார் சத்தம் கூடும் வரை அப்படியே குனிந்திருந்தேன்.

சாயங்காலம் வரை அறையிலேயே இருந்தேன், நீ வந்து கதவைத் தட்டுவாய் என்று. அப்புறம் போர்வை துவைத்தேன் என்று உன் கடிதம் வந்தது.

யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அந்தக் குடைக்காரர்தான் தொட்டிக்காரர். அப்பாவைத் தவிர உன் கடிதங்களில் வந்த ஆண் அவர் ஒருவர்தான். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. என் ஊருக்கு வந்துவிட்டு ஏனம்மா என்னைப் பார்க்காமல் போனாய்?

மகள்


செப்டம்பர் 6

என் கண்ணுக்கு,

கடிதம் மத்தியானம் வந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன். நான் நலமா என்று எழுதத் தோன்றவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். காகிதத்தில் எழுத முடியவில்லை. ஏப்ரலில் நீ கேட்டதற்குப் பதில் எழுதி எழுதி ஆறு காகிதம் கிழித்தேன். நேரில் சொல்லிவிடலாம் என்று விடியற்காலை ரயிலில் கிளம்பினோம். ஆறாம் நம்பர் பஸ். செருப்புக்கடை. நீ எழுதினது எழுதினபடி இருந்தது. அவர் கடை வாசலிலேயே நின்றுகொண்டார். முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள், கூப்பிட்டால் வருகிறேன் என்றார்.

நான் நாலு மாடி ஏறினேன். நாலாம் மாடித் திண்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மேலே நீ துணி அலசும் சத்தம் கேட்டது. கூடவே ஏதோ பாடிக்கொண்டிருந்தாய். பாட்டுகூட இல்லை, முனகல். அப்பா படுத்த பிறகு நீ வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. குழாய்த் தண்ணீரும் உன் குரலுமாக அது நின்று நின்று வந்தது. இப்போது நான் போய்க் கதவைத் தட்டினால் இந்தப் பாட்டு நின்றுவிடும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இறங்கி வந்துவிட்டேன்.

முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, உங்கள் மகள் சொன்ன படகையாவது பார்த்துவிட்டுப் போகலாமா என்றார். ஒன்பதரைப் படகில் போய்ப் பத்து மணிப் படகில் திரும்பினோம். மகளின் வாசல் வரைக்கும் வந்து திரும்பினவள், ஒரு மணி நேரத்துக்குள் சிரித்திருக்கிறேன். அதை நீ பார்த்திருக்கிறாய். நேற்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மனைவி போய்ப் பத்து வருஷம். பிள்ளைகள் கிடையாது. வயசு ஐம்பத்தாறு. அதிகம் பேச மாட்டார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மிச்ச காலம் ஒரே வீட்டில் இருக்கலாமா என்று மே மாதம் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பாவை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நான் மறக்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம், சிட்டு. இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அம்மா


அக்டோபர் 13

அன்புள்ள அம்மா,

இந்த ஐந்து வாரமும் உன் உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய். மன்னித்துக்கொள். நானும் தூங்கவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவின் கட்டில் கிடந்த அறையில் வேறொருவர் காலை நீட்டி உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. நீ சலித்துக்கொண்டதை நீ மறைக்கவில்லையே.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகப் படகுத்துறைக்குப் போனது. அதே பத்து மணி, அதே இடது பக்கம். நடு ஆற்றில் சத்தம் குறைந்ததும் எதிர்ப்படகில் ஒவ்வொரு முகமாகத் தேடுவேன். நீ அங்கே இருக்க மாட்டாய் என்று தெரியும். ஐந்து ஞாயிறு இப்படிப் போனேன். எதைத் தேடுகிறேன் என்று போன வாரம்தான் பிடிபட்டது. நீ சிரித்ததை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது, அம்மா. முதல் தடவை நான் குனிந்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ திரும்ப எடுத்துக்கொள். அதை என் தலையில் கட்டாதே. நான் வேண்டாம் என்று சொல்லி, நீ மறுபடி நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியாது. அதே மாதிரி, சரி என்று நான் சொல்லி நீ செய்யவும் வேண்டாம். உன் பதிலை நீயே அவரிடம் சொல்.

நவம்பர் முதல் வாரம் நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ரயிலில் வருகிறேன். அவரும் ஸ்டேஷனுக்கு வரலாம். கட்டாயம் இல்லை.

மகள்


நவம்பர் 10, ரயிலில்

அன்புள்ள அம்மா,

நீ பிளாட்பாரத்தில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ரயில் ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது. நான் நலம். வெளியே வயலெல்லாம் தண்ணீர் கட்டி, வானம் தரையில் கிடக்கிற மாதிரி இருக்கிறது.

நேரில் சொல்லாத சிலதை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் இறங்கியபோது அவர் உன் பக்கத்தில் இல்லை. தூரத்தில், எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாம் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுது முடிக்கட்டும் என்று இருந்திருப்பார். நாம் அழவில்லை. நீ என் தலையைத் தடவி, முடி கொட்டியிருக்கிறது என்றாய்.

வீட்டில் மூன்று நாளும் நான் ஒன்று கவனித்தேன். அவர் டீ வாங்கினால் ஜன்னலோரம் நின்றேதான் குடிக்கிறார். அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கும். அதன் பக்கம்கூடப் போக மாட்டார். உட்காருங்கள் என்றாலும், பழகிவிட்டது என்பார். உன்னைக் கேட்டேன், எப்போதும் இப்படித்தானா என்று. நீ யோசித்துவிட்டு, ஆமாம், எனக்கு இதுவரை தோன்றவே இல்லையே என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். நீ கூடத்துக்கு மாற்றி வைத்திருக்கும் குஞ்சுத் தொட்டியில் மீனை எண்ணிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர் ரெண்டு தடவை இருமிவிட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்தது போல ஆரம்பித்தார்.

“நான் யார் இடத்துக்கும் வரலீங்க. உங்க அம்மா சிரிக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. அவ்வளவுதான் என் பக்கத்துக் காரணம்.”

நான் சொன்னேன், “எனக்கு அது இன்னும் பழகல. கொஞ்ச நாள் ஆகும்.”

“ஆகட்டும்” என்றார். அவசரப்படுத்துகிற குரல் இல்லை அது. தண்ணீர் மாற்றிய பிறகு மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி.

நான் சமையலறைக்குப் போய் நீ உட்கார்ந்து காய் நறுக்கும் ஸ்டூலை எடுத்து வந்து ஜன்னலோரம் போட்டேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நீ ரொட்டியோடு உள்ளே வந்தபோது அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாய். என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இதுதான் நடந்தது.

நீதான் அவரிடம் சரி என்று சொல்லிவிட்டாயே, பதிவு அலுவலகத்துக்கு எந்தத் தேதி என்று முடிவானதும் எழுது. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டுமே, லீவு சொல்ல வேண்டும். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வரும்போது வரட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவர் இருமியபோது பேசத் தயங்கித்தான் இருமுகிறார் என்று நினைத்தேன். ஆனால் இன்றைக்குப் பிளாட்பாரத்தில் யாரோடும் பேசாமல் நின்றபோதும் இருமிக்கொண்டிருந்தார். பனியில் ஈரத் தொட்டிகளைக் கழுவுகிறவர், நெஞ்சில் சளி கட்டியிருக்கும். நாளைக்கே டாக்டரிடம் போகச் சொல். தட்டிக்கழிப்பார், விடாதே. நான் சொன்னதாகச் சொல்.

மகள்